கல்யாண வீடியோவைச் சுருக்கினால் கோடு கோடாகத் தெரிவது ஏன்?

கேள்வி: 2004-இல் மினிடிவி (MiniDV) கேசட்டில் எடுத்த எங்கள் கல்யாண வீடியோவைக் கடையில் கொடுத்து ஹார்டு டிஸ்கில் வாங்கினேன். அதை எம்பி4 ஆகச் சுருக்கியதும், ஆட்கள் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள். கேசட் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கேசட்டில் குறையில்லை. அந்தக் கேமரா நொடிக்கு 50 அரைப் படங்களை எடுத்தது. ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் முதலில், மீதி வரிகள் 1/50 நொடி கழித்து. இரண்டும் கோத்ததுதான் 576 வரிப் படம். அந்த இடைவெளியில் தவில்காரரின் கை நகர்ந்துவிடும். அதனால் ஒரே படத்தில் இரண்டு கைகள் வரி வரியாகப் பின்னித் தெரிகின்றன. பழைய டிவி அரைப் படங்களை அடுத்தடுத்துத்தான் காட்டியது, அதனால் அதில் கோடு தெரியவில்லை.

கோடு விழுந்த எம்பி4-ஐத் திருத்த முயலாதீர்கள். கடைக்காரர் தந்த மூல ஃபைலிலிருந்தே தொடங்குங்கள். அதன் அளவை முதலில் பாருங்கள்: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இருந்தால் அது கேசட்டில் உள்ளதை மேலும் சுருக்காமல் அப்படியே எடுத்த டிவி (DV) ஃபைல். ஒரு ஜிபிதான் என்றால், அவரே சுருக்கிவிட்டுக் கொடுத்திருக்கிறார். ‘ஹெச்டி ஆக்கித் தருகிறோம், 4கே ஆக்கித் தருகிறோம்’ என்று கூடுதல் பணம் கேட்பவர்களிடம் ஏமாறவே ஏமாறாதீர்கள். கேசட்டில் இல்லாத நுணுக்கத்தை யாரும் கொண்டுவர முடியாது. வரிகளைப் பிரிக்காமல் படத்தின் உயரத்தை மாற்றினால் இரண்டு அரைப் படங்களும் கலந்துபோகும். பிறகு பிரிப்பது பெரும்பாடு. கேசட்டை மறுபடி கணினியில் ஏற்ற வேண்டியிருந்தால், மஞ்சள் வயரில் (அனலாக்) ஏற்றாமல் ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிளில் ஏற்றச் சொல்லுங்கள். கேசட்டைக் கட்டாயம் திரும்ப வாங்குங்கள்.

வீடியோவைச் சுருக்க ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் (பின்னிய வரிகளைப் பிரிப்பது) என்பதில் யாடிஃப், பிரீசெட்டில் பாப் (ஒவ்வோர் அரைப் படத்தையும் தனிப் படமாக்குவது) என்று தேர்ந்தெடுங்கள். கோடு உள்ள ஃபிரேம்களை மட்டும் தேடிப் பிரிக்கும் இன்டர்லேஸ் டிடெக்‌ஷனை அணைத்துவிடுங்கள். அது சில ஃபிரேம்களைத் தவறவிடும். ஃபிரேம் ரேட் 50, கான்ஸ்டன்ட். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: அதில் வரும் பிரீசெட்கள் பலவற்றில் 30 என்ற வரம்பு இருக்கிறது. ஐம்பதை முப்பதாக வெட்டினால் கோடு போகும், அசைவு திக்கும். நம் ஊர்ப் பழைய கேமராக்கள் 50 என்று தெரிந்தும் 30-ஐ முன்னிருப்பாக வைப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? 720க்கு 576 அளவை மாற்ற வேண்டாம். தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் 18 முதல் 20.

கல்யாண வீடியோவில் ஒரு சிக்கல் உண்டு. இடையிடையே ஸ்டுடியோக்காரர் சினிமாப் பாட்டுக் காட்சிகளைச் சேர்த்திருப்பார். அவற்றின் ஃபிரேம்கள் பெரும்பாலும் அரைப் படங்களாக இல்லாமல் முழுதாக இருக்கும். அவற்றைப் பிரிக்கத் தேவையில்லை. பாப் போட்டால் அங்கே மெல்லிய விளிம்புகள் லேசாகத் துடிக்கும், கொஞ்சம் மங்கும். அதற்காக டிடெக்‌ஷனைப் போட்டால், தாலி கட்டும் காட்சியில் கோடு மிஞ்சக்கூடும். பாட்டு மங்கினால் மங்கட்டும். உங்கள் வீட்டு மனிதர்கள் தெளிவாக இருக்க வேண்டும். அந்தத் துண்டுகளை மட்டும் வெட்டித் தனியாகச் சுருக்கி ஒட்டும் வேலையில் இறங்காதீர்கள். ஒட்டும் இடத்தில் ஒலி தள்ளிப்போகும் வாய்ப்பு அதிகம்.

முழுதும் ஓட்டுவதற்கு முன் கெட்டிமேளக் காட்சியில் ஒரு நிமிடம் மட்டும் சுருக்கிப் பாருங்கள். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் டீஇன்டர்லேஸை அணைத்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்விலும் கை சற்றே முன்னேறினால் சரி. முன்னே போய்ப் பின்னே வந்தால் அரைப் படங்களின் வரிசை தலைகீழாகியிருக்கிறது. மினிடிவியில் கீழ்வரி முதலில் வரும். எடிட் செய்தவர் மேல்வரி முதல் என்று குறித்திருப்பார். அந்த ஃபைலைச் சரியான வரிசையில் மறுபடி எடுத்துத் தரும்படி அவரிடமே கேளுங்கள்.