என் 15 வயது மகன் போதைப்பொருள் பயன்படுத்துகிறானா என்பதை, அவனுக்குத் தெரியாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கண்டறியலாமா?

செய்யாதீர்கள் என்பதே என் பதில். பள்ளி ஆலோசகராகப் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன்; இக்கேள்விக்குப் பின்னால் இருக்கும் அச்சம் எனக்குப் பழக்கமானது.

கஞ்சாவின் எச்சம், எப்போதாவது புகைப்பவரின் சிறுநீரில் சில நாட்களும், தொடர்ந்து புகைப்பவரிடம் சில வாரங்களும் தங்கக்கூடும். மதுவோ வழக்கமான சோதனையில் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனையும் ஒயிட்னரையும் முகர்வது அதில் தெரியவே தெரியாது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கத்தான் எனச் சொல்லி, அவனுடைய தந்தை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றார். எதுவும் இல்லை என்று முடிவு வந்ததும் நிம்மதியடைந்தார். நான்கு மாதங்களுக்குப் பிறகே, தான் முகர்ந்துகொண்டிருந்தது சொல்யூஷன் என்று அந்த மாணவன் என்னிடம் சொன்னான். அப்பா பொய் சொல்லிச் சோதித்தது தெரிந்ததால்தான் யாரிடமும் வாய்திறக்கவில்லை என்றும் சொன்னான். இந்திய அரசு 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை இந்த முகரும் பொருள்கள்தாம்: சிறார்களில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58 விழுக்காடு.

பயிற்சி பெற்ற மருத்துவர்கள் முதலில் பிள்ளையிடமே கேட்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான 'கிராஃப்ட்' என்ற வினாத்தொகுப்பு, 12 முதல் 21 வயது வரையிலானவர்களுக்கானது. 'குடிப்பாயா?' என்று கேட்காமல், கடந்த 12 மாதங்களில் எத்தனை நாட்கள் என்று அது கேட்கிறது. மறைப்பதற்கான தூண்டுதல் அந்தச் சொல்லமைப்பிலேயே குறைந்துவிடுகிறது. பிறகு வருவன ஆறு கேள்விகள்: போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா, மன இறுக்கம் தளரவோ மற்றவர்களோடு ஒட்டிக்கொள்ளவோ பயன்படுத்துகிறாயா, தனியாக இருக்கும்போதும் பயன்படுத்துகிறாயா, அப்போது செய்தது மறந்துபோகிறதா, குறைத்துக்கொள் என்று வீட்டாரோ நண்பர்களோ சொல்கிறார்களா, அதனால் சிக்கலில் மாட்டியிருக்கிறாயா. இரண்டு 'ஆம்' வந்தாலே விரிவான மதிப்பீடு தேவை. எதையும் தொட்டதில்லை என்று சொல்லும் பிள்ளையிடமும் வண்டி பற்றிய கேள்வி மட்டும் கட்டாயம் கேட்கப்படுகிறது. குடித்துவிட்டு பைக் ஓட்டுபவர் அவனுடைய மாமாவாக, ஏன், அப்பாவாகவே இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பெற்றோர் அறைக்கு வெளியே இருந்தால்தான் இக்கேள்விகளுக்கு உண்மையான விடை கிடைக்கும். உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி அவன் சொன்னதை வெளியே சொல்ல மாட்டேன் என்று மருத்துவர் உங்கள் முன்னிலையிலேயே அவனிடம் கூறட்டும்; வீடு திரும்பும் வழியில் 'என்ன கேட்டார்?' என்று நீங்களும் துருவாதீர்கள். எங்கு தொடங்குவது என்று தெரியாவிட்டால், போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446-இல் முதலில் நீங்களே பேசலாம். ஊசி போட்டுக்கொண்ட தழும்போ, நினைவு தடுமாறும் மயக்கமோ கண்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.