வயசானா மெலியத்தான் செய்வாங்களா?

கேள்வி: அக்கா, எங்கம்மாவுக்கு 78 வயசு, ஹட்டன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல இருக்காங்க. நான் கொழும்புல வேல, மாசத்துக்கு ஒருக்காதான் போக முடியுது. போன மாசம் 48 கிலோ இருந்தவங்க இப்ப 45. கேட்டா வயசுதானேன்னு சொல்றாங்க, சீனி வருத்தம்னு சாப்பாட்டுலயும் கட்டுப்பாடு. நல்ல மால்ட் டின் ஒன்னு வாங்கிக் குடுக்கவா?
- பேர் போட வேணாம், கொழும்பு

பதில்: தங்கச்சி, டின் கதைய பிறகு பாப்போம். ஒரே மாசத்துல நூத்துக்கு 5 குறைஞ்சாலே டொக்டர்கிட்ட காட்டணும், அம்மாவுக்கு அது 2.4 கிலோ, குறைஞ்சிருக்கது 3. வயசுன்னு விடுற விஷயமில்ல இது. முதல்ல அதே தராசுல திரும்ப நிறை பாக்கச் சொல்லுங்க, நம்ம ஊரு குளிருக்கு போன தடவ ரெண்டு ஸ்வெட்டரோட ஏத்தி விட்டாங்களோ என்னவோ.

அடுத்த தடவ போறப்ப சாப்பாட்டு நேரத்துக்கே போய் பக்கத்துல உக்காருங்க. ரொட்டிய மென்னு மென்னு ஓரமா துப்புறாங்களான்னு பாருங்க, ஆள் மெலிஞ்சா பல்செட்டும் லூசாகிரும், வாய் நோகுதுன்னு வெளிய சொல்லாம பசியில்லன்னு தட்ட தள்ளி வச்சிருவாங்க. சாப்பாட்டுக்கு கொஞ்சம் முந்தி ஒரு கப் நெறைய பிளேன்டி குடுத்தா வயிறு அதுலயே ரொம்பிரும், டீய பிறகு குடுக்கச் சொல்லுங்க. அந்திக்கு 5.30க்கு சோறு, மறுநாள் 7.30க்கு ரொட்டின்னா நடுவுல 14 மணித்தியாலம் வயிறு காலி, படுக்க முந்தி ஒரு கப் பாலும் பிஸ்கட்டும் கட்டாயம் வேணும்.

கூட ஒரு அகப்பை சோறு போட்டா திங்க மாட்டாங்க, திங்கிற கொஞ்சத்துலயே சத்த ஏத்தணும். பருப்ப தேங்காப்பால்ல கட்டியா ஆக்கலாம், கஞ்சியில முட்டைய அடிச்சு ஊத்தி நல்லா வேக விடலாம், நெத்தலிய மாவாக்கி சோத்துல பெசையலாம். கிட்னி வருத்தம் இல்லன்னா கிலோவுக்கு 1 கிராமாவது புரதம் வேணும், அம்மாவுக்கு நாளைக்கு 45 கிராம், ஒரு முட்டையில 6 கிராம் கிட்டத்தான் இருக்கு.

சீனிக்கு மெட்போமின் குடிக்கிறாங்கன்னா அதுவும் சிலருக்கு பசிய கெடுக்கும். நீங்களா நிப்பாட்டிறாதீங்க, கிளினிக்ல மருந்துத் துண்ட காட்டி கேளுங்க. இவ்வளவு மெலிஞ்சவங்களுக்கு இந்தளவு கட்டுப்பாடு தேவதானான்னும் கேட்டுப் பாருங்க, நிறைய டொக்டர்மார் தளர்த்தி விடுவாங்க. மலச்சிக்கல், தைரொய்ட், மனச்சோர்வு எல்லாத்தையும் அப்பயே பாக்கச் சொல்லுங்க.

தண்ணி குடிக்கிறப்ப பொறை ஏறி இருமுறாங்கன்னா மட்டும் அடுத்த கிளினிக் வரைக்கும் பொறுக்காதீங்க, அன்னைக்கே பொறுப்பான மிஸ்ஸிகிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. டின் காசுக்கு முட்டையும் பால்மாவும் வாங்கிக் குடுங்க.