லெப்பர்ட் கெக்கோ பழமும் தொடவில்லை, பூச்சியும் தின்னவில்லை

புதிதாக வாங்கிவந்த லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) பழம், கீரை, பூச்சி எதையுமே தின்னவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பழத்தையும் கீரையையும் எடுத்துவிடுங்கள். அது பூச்சி மட்டும்தான் தின்னும். பழக்கூழ் நக்குவது கிரெஸ்டட் கெக்கோ என்ற வேறு வகைப் பல்லி. யாரோ இரண்டையும் குழப்பிச் சொல்லியிருக்கிறார்கள் போல.

கிரிக்கெட் பூச்சியையும் (சிள்வண்டு) அது திரும்பிப் பார்க்கவில்லை என்கிறீர்களே, பெரும்பாலும் சூடு போதாததுதான் காரணம். வயிற்றுக்கடியில் வெப்பம் இல்லையென்றால் தின்றது செரிக்காது, பசியும் எடுக்காது. கண்ணாடித் தொட்டியின் சூடான பக்கத்துத் தரையில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள்: 31-33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய மீட்டரை நம்பாதீர்கள், தரைச் சூடு அதில் தெரியாது.

அப்புறம், அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. கால்சியம் பொடியில் புரட்டி அந்தியில் போடுங்கள். மிஞ்சிய பூச்சியை எடுத்துவிடுங்கள், அது இரவில் கெக்கோவையே கடிக்கும்.

வந்து சில நாள்தானே, வால் கொழுத்திருந்தால் பயமில்லை. வால் மெலிந்தால் மட்டும் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.