மசாய் மாரா போக 4 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 95,000 ரூபாய் கைக்கு வருகிறது. 12 வயது மகளுக்கு விலங்குகள் என்றால் உயிர். வரும் ஆகஸ்டில் பள்ளிக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் வைல்டுபீஸ்ட் என்ற பெரிய மான் இன விலங்குகள் கூட்டமாக ஆற்றைக் கடப்பதைக் காட்ட ஆசைப்படுகிறோம். மூன்று பேருக்கும் எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்கிறார்கள். சீட்டு முடிந்து 2 லட்சம் கையில் இருக்கிறது. மீதி 4 லட்சத்துக்கு 13% வட்டியில் மூன்று வருட பர்சனல் லோன் கிடைக்கும். எடுக்கலாமா?

பதில்: ஆசையை விட்டுவிடாதீர்கள் அம்மா, கடனை மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்தக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 13,480 ரூபாய். மூன்று வருடத்தில் வட்டியாக மட்டும் 85,000 ரூபாய் போகும். ஊர் திரும்பி, போட்டோக்களைப் பார்த்து முடித்த பிறகும் 2 வருடத்துக்கு மேல் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். நடுவில் மகளின் பத்தாம் வகுப்பும் வந்துவிடும்.

அடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம். மாராவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயதுக்கு வருடம் முழுக்க 50 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளுக்கு உங்கள் குடும்பத்துக்கு ஆகஸ்டில் 1,21,500 ரூபாய், ஜனவரியில் 67,500 ரூபாய். நுழைவில் மட்டும் 54,000 வித்தியாசம். தங்கும் விடுதிகளும் ஜூலை முதல் அக்டோபர் வரைதான் அதிக விலை சொல்வார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஜனவரியில் மாராவில் ஆறு கடக்கும் காட்சி கிடையாது. அப்போது அந்த மந்தைகள் எல்லையைத் தாண்டி, தான்சானியாவில் செரங்கெட்டியின் தெற்கே இருக்கும். சிங்கம், யானை, சிறுத்தை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வருடம் முழுக்க மாராவில்தான். ஆகஸ்டில் போனாலும் ஆறு கடப்பதைப் பார்த்தே தீருவீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் மணிக்கணக்கில் கூடி நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போகும் மந்தைகளும் உண்டு. அதற்காகக் கடன் வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, என்ன செய்யலாம்? சீட்டுப் பணம் 2 லட்சத்தை ஃபிக்சட் டெபாசிட்டில் போடுங்கள். கடனுக்குக் கட்டத் தயாராக இருந்த தொகையையே, மாதம் 13,500 ரூபாயாக, அடுத்த மாதம் ஜூலையிலிருந்து ஆர்.டி.யில் கட்டுங்கள். 6.5% வட்டி என்று கணக்குப் போட்டால், அடுத்த வருடம் நவம்பரில் பதினேழு தவணை முடியும்போது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4.6 லட்சம் இருக்கும். அதற்குள் அடங்கும்படி பொங்கல் விடுமுறைக்கு ஒரு திட்டம் கேளுங்கள். பள்ளிக்கு இரண்டு, மூன்று நாள் லீவு போட்டால் போதும். சஃபாரி வண்டிக்கு வாடகை தலைக்கு இல்லை, வண்டிக்குத்தான். இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்தால் செலவு நன்றாக இறங்கும். கோடை விடுமுறையில் போகலாமே என்று தோன்றும். ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம், சேற்றில் வண்டி சிக்கும்.

மகளுக்கு ஆறு கடப்பதுதான் வேண்டுமென்றால், இதே ஆர்.டி.யை 24 தவணை கட்டுங்கள். ஃபிக்சட் டெபாசிட்டோடு சேர்த்து ஏறக்குறைய 5.7 லட்சம் இருக்கும். ஒரு போனஸ் தொகையைச் சேர்த்தால் அதற்கடுத்த ஆகஸ்டில் கடனில்லாமல் போகலாம். டாலர் ஏறினால் தாங்க 5% கூடுதலாக வையுங்கள். இவ்வளவு குறுகிய காலப் பணத்தைப் பங்குச்சந்தை ஃபண்டில் போட வேண்டாம்.

எப்போது போனாலும் பயணத் திட்டத்தை நாள் நாளாகப் படியுங்கள், பணம் அங்கேதான் கசியும். மாரா டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரத்துக்குத்தான். நைரோபியிலிருந்து ஐந்து, ஆறு மணி நேரம் வண்டியில் வந்து, மதியம் 3 மணிக்கு உள்ளே நுழைந்தாலும் முழு நாள் கட்டணம்தான். முதல் இரவை செக்கெனானி கேட்டுக்கு வெளியே தங்கி, மறுநாள் விடியற்காலை நுழையுங்கள். உள்ளே தங்கினால் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

யாராவது நுழைவுக் கட்டணத்திலேயே தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்றால் அவரிடம் புக் செய்யாதீர்கள். அந்த நிலம் காடாகவே இருப்பது இந்தப் பணத்தால். காப்பகத்தை ஒட்டி கன்சர்வன்சி என்ற தனி வனவிலங்குப் பகுதிகள் இருக்கின்றன. அங்கே மசாய் இனக் குடும்பங்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு விடுகின்றன. பயணிகள் தரும் பணத்தில்தான் அவர்களுக்கு மாதாமாதம் குத்தகை போகிறது. கையில் மிச்சம் இருந்தால் ஒரு இரவாவது அங்கே தங்குங்கள்.

இந்திய நிறுவனத்திடம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வரி, பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், ஆனால் அது செலவு அல்ல. யார் பெயரில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸில் விமானத்தில் நோயாளியை மீட்டு வருவதும் அடங்குகிறதா என்று பாருங்கள், மாராவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி ரொம்ப தூரம். அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. புறப்படுவதற்கு 10 நாளுக்கு முன்பே மூவரும் போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.