பள்ளிப் பையும் ஃப்ளூ காய்ச்சலும்: முதலில் எதைத் தயார் செய்வது?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4 வயது. மகன் இந்த ஆண்டுதான் முதன்முறையாகப் பள்ளிக்குப் போகப்போகிறான். மகளுக்குச் சளி பிடித்தால் இழுப்பு வரும். இன்ஹேலர் கைவசம் இருக்கிறது. போன ஆண்டு ஃப்ளூ காய்ச்சலில் அவள் ஒரு வாரத்துக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை. அவளிடமிருந்து வீட்டில் எல்லோருக்கும் தொற்றியது, என் மாமியார் உட்பட. இந்த முறை முன்கூட்டியே தயாராகிவிட வேண்டும் என்று சானிடைசர், முகக்கவசம், எதிர்ப்பு சக்தி டானிக் என்றெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறேன். காய்ச்சல் மருந்தையும் பையிலேயே வைத்து அனுப்பலாமா? நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள்.

பதில்: உங்கள் பட்டியலில் தடுப்பூசி இல்லை. மற்ற பொருள்களைப் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள்கூட வாங்கிக்கொள்ளலாம். ஊசிக்கு நாள் கணக்கு உண்டு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

6 மாதம் நிறைந்த குழந்தை முதல் ஃப்ளூ தடுப்பூசி போடலாம். 9 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு முதல்முறை போடும்போது ஒரு ஊசி போதாது. 4 வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். அதன் பிறகும் உடம்பில் எதிர்ப்பு உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். ஆக, உங்கள் பகுதியில் ஃப்ளூ பரவத் தொடங்கும் மாதத்திலிருந்து 6 வாரம் பின்னோக்கி எண்ணி, அந்தத் தேதிக்குள் முதல் ஊசி போட்டுவிடுங்கள். உங்கள் இரு பிள்ளைகளும் இந்த வயதுக்குள்தான் வருகிறார்கள். முன்பே இரண்டு தவணை போட்டிருந்தால் இப்போது ஒன்று போதும். ஆனால் அதை ஆண்டுதோறும் போட வேண்டும். இந்த வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் தனித்தனியாகப் பரிந்துரைக்கிறது. போன ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்குக் கைகொடுக்காது.

ஊசி போட்டாலும் சிலருக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும். ஆனால் நிமோனியா, மருத்துவமனைப் படுக்கை என்று முற்றிப்போகும் வாய்ப்பு நன்றாகக் குறையும். இழுப்பு உள்ள உங்கள் மகளுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. மூக்கில் அடிக்கும் தடுப்பு மருந்தும் இருக்கிறது. இழுப்பு உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஏற்றதல்ல என்பதால், மகளுக்கு இழுப்பு இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். வயதானவர்களுக்கு ஃப்ளூ குழந்தைகளைவிடக் கொடுமையாக வரக்கூடும். நீங்களும் கணவரும் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

எதிர்ப்பு சக்தி டானிக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். ஃப்ளூவைத் தடுக்கும் டானிக் எதுவும் கிடையாது. அந்த அக்கறையைத் தூக்கத்தின் மேல் காட்டுங்கள். மகனுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், மகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தேவை. பள்ளி திறந்த முதல் வாரங்களில் பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் இதைத்தான். திறப்பதற்கு 10 நாள் முன்பிருந்தே படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

இனி பை. வகுப்பில் இருமல், தும்மலோடு பறக்கும் துளிகள்தான் ஃப்ளூ பரவும் முதல் வழி. இரண்டாவது வழி கை. வழவழப்பான பிளாஸ்டிக், உலோகப் பரப்பில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கும். மேசை, கதவுப்பிடி, பக்கத்துப் பிள்ளையின் பேனா என்று தொட்ட கை பிறகு மூக்குக்கோ வாய்க்கோ போகிறது. அதனால் பென்சில், ரப்பர், ஸ்கேல் ஆகியவற்றில் ஒவ்வொன்று கூடுதலாக வைத்து அனுப்புங்கள். கடன் கேட்பது, கடித்ததைக் கைமாற்றுவது எல்லாம் அதிலேயே பாதி நின்றுவிடும். தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், ஸ்பூன் என எல்லாவற்றிலும் பெயர் இருக்கட்டும். 4 வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. ஒரு படம் ஒட்டுங்கள், தன்னுடையது எது என்று அடையாளம் தெரியும். உறிஞ்சு குழாய் வைத்த பாட்டிலானால் குழாயையும் ரப்பர் வளையத்தையும் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். முடியாது என்றால் அகலவாய் பாட்டிலே மேல்.

கைக்குட்டை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் மூக்கைத் துடைத்த அதே ஈரத் துணியால் மதியம் கையையும் வாயையும் துடைக்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். டிஷ்யூ கொடுக்க முடிந்தால் ஒரு சிறு பொட்டலம், பயன்படுத்தியதும் குப்பைத் தொட்டிக்கு. துணிதான் என்றால் மூக்குக்கு ஒன்று, கை துடைக்க ஒன்று, இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். மாலையில் இரண்டையும் துவைத்துவிடுங்கள். கைக்குட்டை எடுக்க நேரமில்லாதபோது முழங்கை மடிப்பில் இருமப் பழக்குங்கள். மகன் இதை மகளைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வான், அந்த வயது அப்படி.

சானிடைசர் மகளுக்குச் சரி, மகனுக்கு வேண்டாம். வாசனையும் நிறமுமாக இருக்கும் அதைச் சின்னப் பிள்ளைகள் குடித்துவிடுவதுண்டு; அது சாராயம் போலவே ரத்தத்தில் ஏறும். மகளுக்கு வாங்குவதில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இருந்தாலும் சாப்பிடும் முன்பும் கழிப்பறைக்குப் பிறகும் சோப்பும் தண்ணீரும்தான், 20 விநாடி. மெதுவாக ஒன்று முதல் இருபதுவரை எண்ணச் சொல்லுங்கள், மகனுக்கு எண்கள் பழகியது போலவும் ஆகும். முகக்கவசம், இருமல் இன்னும் ஓயாத நாள்களில் மகளுக்கு உதவும். நனைந்தால் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். 4 வயதுப் பிள்ளை அதை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளாது, வற்புறுத்த வேண்டாம்.

காய்ச்சல் மருந்தைப் பையில் வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும் மருந்தைப் பிள்ளை தானே குடிக்கும், தோழிக்கும் கொடுக்கும். பள்ளி நேரத்தில் ஏதாவது மருந்து அவசியம் என்றால் அளவையும் நேரத்தையும் எழுதி ஆசிரியரிடமோ பள்ளி நர்ஸிடமோ நேரில் ஒப்படையுங்கள். மகளின் இன்ஹேலர் விஷயம் வேறு. இழுப்பைத் தணிக்கும் இன்ஹேலர் ஒன்று, ஸ்பேசரோடு (மருந்து வீணாகாமல் நெஞ்சுக்குப் போக இன்ஹேலரில் மாட்டும் குழாய்), பள்ளியில் பூட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று மகளுக்கும் ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை முறை அடிப்பது, எப்போது உங்களை அழைப்பது என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி அதோடு வையுங்கள். காலாவதித் தேதியையும் எத்தனை டோஸ் மீதி என்பதையும் இன்றே பாருங்கள். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துடைத்தால் உள்சுவரில் மருந்து ஒட்டிக்கொண்டு நெஞ்சுக்குப் போவது குறையும். தினசரித் தடுப்பு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாராசிட்டமால், மருந்து அளக்கும் சிரிஞ்ச், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்து, இவை போதும். பாராசிட்டமாலில் நடக்கும் தவறுகள் என்னை மிகவும் கவலைப்படுத்துகின்றன. அளவு வயதுப்படி இல்லை, எடைப்படி: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது 4 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் போகக்கூடாது. மகன் 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதிக அளவாக 240 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 10 மில்லி. 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 5 மில்லிக்கும் சற்றுக் குறைவு. 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் வெறும் 2.4 மில்லி. அந்தச் சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 10 மில்லி ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும், ஈரலைப் பாதிக்கக்கூடும். வீட்டில் ஒரே ஒரு வகை பாட்டில் வைத்துக்கொண்டு, இரு பிள்ளைகளின் எடையையும் அளவையும் அதிலேயே எழுதி ஒட்டுங்கள். சளி சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். மகனின் வயதில் அந்தச் சளி சிரப்பே தேவையில்லை. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதும் கூடாது. ஃப்ளூவோடு சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேயி நோய் வரக்கூடும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, மிச்சம் இருக்கிறதே என்று கொடுக்காதீர்கள்.

வேலைக்குப் போகும் பெற்றோர் என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் வந்த அன்று யார் வீட்டில் இருப்பது என்று இப்போதே கணவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். முதல் நாள் நீங்கள், மறுநாள் அவர் என்றாவது இருக்கட்டும். இந்த ஏற்பாடு இல்லாத வீடுகளில்தான் காலை 7 மணிக்கு ஒரு வேளை மருந்து கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். அதன் வேகம் 4 முதல் 6 மணி நேரம்தான். மதியத்துக்குள் பிள்ளை மேசையில் தலைசாய்த்துக் கிடக்கும், அதற்குள் வகுப்புக்கும் பரப்பியிருக்கும். அப்படி அனுப்பும் தாயை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கு வேறு வழி இருப்பதில்லை. ஆனால் மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அதைத் தொட்டாலே காய்ச்சல் என்று கொள்ளுங்கள்.

மகளுக்குத் திடீரென்று காய்ச்சலும் உடம்பு வலியும் கண்டால் இழுப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அவளைப் போன்ற பிள்ளைக்கு அது தேவையா என்று மருத்துவர் முடிவு செய்ய முதல் நாளே காட்டிவிடுங்கள்.

இரு பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒன்று. காய்ச்சல் இறங்கியிருக்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மகனுக்கு 40, மகளுக்கு 30 தாண்டினால் அது வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் குழி விழுவது, உதடு நீலம் பூப்பது, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் கண் திறந்து பேசாதது, வலிப்பு, கெண்டைக்கால் வலித்து நடக்க மறுப்பது, குறைந்த காய்ச்சல் இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறுவது, இன்ஹேலர் அடித்தும் இழுப்பு அடங்காதது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும், நடு இரவானாலும், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.