ஓடைப் பள்ளத்தைத் தூர்த்து மனை போடுகிறார்கள்: ஊரார் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: பட்டுக்கோட்டைக்கு மேற்கே, புதாறு எனப்படும் கல்லணைக் கால்வாயை ஒட்டியது எங்கள் ஊர். ஏரிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் காட்டோடை, செம்மண்ணை அறுத்துக்கொண்டு இரண்டு ஆள் ஆழப் பள்ளமாக ஓடுகிறது. கரையோரத்தில் நிலம் வாங்கியவர்கள் பள்ளத்தில் மண்ணடித்து மனைக்கல் நடுகிறார்கள். மறியலுக்கு ஊரே தயாராக இருக்கிறது. வேளாண் மண்டலச் சட்டம் இதைத் தடுக்காதா?

பதில்: வேளாண் மண்டலச் சட்டத்தை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பு, தோல் பதனிடுதல், உருக்காலை போன்ற குறிப்பிட்ட தொழில்களைத்தான் தடை செய்கிறது. வீட்டுமனைப் பிரிவுகள் அந்தப் பட்டியலில் இல்லை. மறியலும் பிறகு இருக்கட்டும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, ஊரின் ஒவ்வொரு நிலமும் யாருடையது, என்ன வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டில் ஓடையின் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் கை வலுவானது. ஆறு, ஓடை, ஏரி ஆகியவற்றின் படுகை அரசின் உடைமை என்பதை 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது; அறிவிப்புக் கொடுத்து ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரமும் அதில் உண்டு. ஆனால் பள்ளம் என்று நாம் கண்ணால் காண்பதும் புல வரைபடத்தில் ஓடை என்று காட்டப்பட்டிருப்பதும் பல ஊர்களில் ஒன்றாக இருப்பதில்லை. செம்மண் கரை மழைக்கு மழை சரிகிறது, பள்ளம் பட்டா நிலத்துக்குள் நகர்கிறது, வரைபடத்தின் கோடோ நகர்வதில்லை. இந்த வட்டாரத்தில் ஓர் ஓடையை அளந்தபோது எல்லைக் கற்கள் நான்கில் ஒன்றுதான் கிடைத்தது. அதுவும் ஒரு பனையின் வேருக்கடியில், தலை மட்டும் விரற்கடை அளவு தெரியப் புதைந்திருந்தது. அந்த ஒரு கல்லிலிருந்து சங்கிலி பிடித்துச் சென்றபோது, புதிதாக நட்ட மனைக்கற்களில் ஒரு வரிசை முழுவதும் ஓடைக்குள் நிற்பது தெரிந்தது. ஆகையால் வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, நில அளவரைக் கொண்டு, பக்கத்து நிலக்காரர்கள் முன்னிலையில் எல்லையை அளந்து கல் நடச் செய்யுங்கள்.

பதிவேட்டில் பட்டா என்றிருந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்ட அளவையின்போது புறம்போக்குகள் சில தவறுதலாகத் தனியார் பெயரில் ஏறிவிட்டன. அதற்கு முந்தைய நிலவரித்திட்டப் பதிவேட்டின் (நிலங்களை அளந்து வகைப்படுத்தி வரி விதித்தபோது எழுதிய பழைய பதிவேடு) நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் திருத்தம் கோரலாம். பள்ளத்தின் ஒரு பகுதி உண்மையாகவே பட்டா நிலமாக இருந்தாலும், மேட்டு நிலத்து மழைநீர் இயற்கையாக வடியும் வழியை அடைக்க உரிமையாளருக்கு உரிமை கிடையாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இதை ஏற்கிறது.

இந்த வேலைகள் நடக்கும்போதே விற்பனையை நிறுத்த வேண்டும், ஏனெனில் பத்துப் பேர் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கிவிட்டால் பிறகு அவர்களும் வழக்கில் ஒரு தரப்பாகிவிடுவார்கள். அரசு நிலத்தையும் அங்கீகாரமில்லாத மனையையும் பத்திரம் பதியக் கூடாது என்கிறது பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு. 'அ' பதிவேட்டு நகலை இணைத்து, புல எண்களைக் குறிப்பிட்டு, சார்பதிவாளருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் ஆட்சேபணை கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நீர்வளத் துறைக்கும் நகல் அனுப்புங்கள்.

கிராம சபையைச் சடங்காக எண்ண வேண்டாம். மதுரை மாவட்டம் அரிட்டாப்பட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் அதை உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. சுற்றுக் கிராமங்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டு விடாமல் போராடியதன் பேரில், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. உங்கள் தீர்மானத்தில் 'ஓடையைக் காக்க வேண்டும்' என்ற பொதுவான வரி மட்டும் இருந்தால் அலுவலகத்தில் யாரும் அதைக் கையில் எடுக்கமாட்டார்கள். புல எண், பரப்பு, ஓடை நீர் சேரும் ஏரி, அந்த ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், ஆகியவை வேண்டும். அதே விவரங்களுடன் ஒரு மனுவை, ஆண்டுதோறும் கிராம வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியிலும் கொடுங்கள்.

இவை பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. நெடுநாள் அனுபவித்ததோ பெரும் பணம் போட்டுக் கட்டியதோ பொது நில ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியிருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் செல்வதானால் ஆறு மாத வரம்பு உண்டு என்பதால், மண்ணடித்த முதல் நாளைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் செய்து வையுங்கள். ஐப்பசி அடைமழையில் ஓடை கரை தொட்டு ஓடும்போது, நிலையான ஒரு மரமோ மதகோ தெரியும்படி, தேதியுடன் படம் எடுங்கள். கோடையில் வந்து பார்த்துவிட்டு 'இது வறண்ட பள்ளம்தானே' என்று அறிக்கை எழுதும் அலுவலரிடம் காட்ட அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.