மதுரையில் நடந்தே போய் அரச சின்னங்களையும் மறைந்த வரலாற்றையும் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஆனால் நிமிர்ந்து பார்த்து நடக்க வேண்டும். பாண்டியர் சின்னம் மீன் என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கல்லில் பார்த்தவர்கள் குறைவு. பாண்டிய நாட்டுப் பழைய கோயில்களில் மண்டப விதானத்தை அண்ணாந்து பாருங்கள். சில இடங்களில் இரண்டு கயல்கள், நடுவே செண்டு என்னும் வளைந்த கோல், புடைப்பாகச் செதுக்கியிருக்கும். அரசன் கொடியிலும் காசிலும் இருந்த அதே மீன்தான். சங்க காலப் பாண்டிய மன்னன் பெருவழுதியின் நாணயத்தின் பின்புறத்தில்கூட கோடுகளாய் ஒரு மீன் உண்டு.

அடுத்து, பத்துத்தூண் சந்து. ஜவுளிக்கடைகளுக்கு நடுவே பிரம்மாண்டமான தூண்கள், தலைக்கு மேல் கூரையே இல்லாமல் நிற்கின்றன. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனையின் மிச்சம் அவை. இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மஹால் அந்த அரண்மனையில் ஒரு பகுதிதான் என்பது இங்கே நின்றால்தான் உறைக்கும். என்னைக் கேட்டால் மஹாலைவிட முதலில் இந்தச் சந்துக்குத்தான் போக வேண்டும்.

தெருப் பெயர்களையும் விடாதீர்கள். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையைப் பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரும் இன்னும் வீதிகளாக இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக எழுப்பியதுதான் விளக்குத்தூண். கோட்டையின் ஒரு துண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்றும் நிற்கிறது. வெயில் ஏறுமுன் காலையில் கிளம்புங்கள். கடை திறந்துவிட்டால் சந்துக்குள் தூணை நின்று பார்க்க இடமிருக்காது.